பிளிட்விட்சே ஏரிகள்: போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்காவுக்குப் போவதாகச் சொல்லி யாராவது பயணத் திட்டத்தை அனுப்பினால், நான் முதலில் பார்ப்பது பஸ் நேரத்தைத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்: காலையில் தலைநகர் ஜாக்ரெப், மதியம் பிளிட்விட்சே, இரவு கடற்கரை நகரமான ஸ்பிளிட். நானும் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போகிற வழியில் இறங்கிப் பார்ப்பது

குற்றாலத்தில் இறங்கி ஒரு குளியல் போட்டுவிட்டுக் கிளம்புவது போன்ற இடமில்லை இது. மேலே 12, கீழே 4 என 16 ஏரிகள் படிப்படியாக இறங்கி வருகின்றன. முதல் ஏரிக்கும் கடைசி ஏரிக்கும் சுமார் 130 மீட்டர் உயர வித்தியாசம். முழுவதையும் பார்க்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். அதில் பாதிக்கு மேல் நடைதான்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் டிக்கெட். அதை வைத்துக்கொண்டு எந்த வாசல் வழியாகவும் எந்த நேரத்திலும் நுழையலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் வாங்கும்போதே எந்த நுழைவாயில், எத்தனை மணி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நுழைவாயில் 1 கீழ் ஏரிகளுக்குப் பக்கம், 2 மேல் ஏரிகளுக்குப் பக்கம். நடுவில் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் நெடுஞ்சாலை. பஸ் இரண்டு இடத்திலும் நிற்கும். ஓட்டுநர் இரண்டு இடத்திலும் "பிளிட்விட்சே" என்றுதான் குரல் கொடுப்பார்.

ஒரு ஜூலை மாதம், இரண்டாம் நுழைவாயிலின் பஸ் நிறுத்தத்தில் நம்மூர் நண்பர்கள் நால்வரைப் பார்த்தேன். கையில் முதல் நுழைவாயிலுக்கான 11 மணி டிக்கெட். பஸ் தாமதமாக வந்ததில் மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. ஆளுக்கொரு சக்கரப் பெட்டி வேறு. மூன்றரைக்கு ஸ்பிளிட் பஸ்ஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றாம். கடைசியில் முதல் நுழைவாயிலுக்குப் பக்கத்து மேட்டில் நின்று வெலிகி ஸ்லாப்பைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 78 மீட்டர், குரோஷியாவிலேயே உயரமான அருவி அது. அந்த மேட்டிலிருந்து பார்த்தால் கைக்குட்டை தொங்குவது மாதிரிதான் தெரியும். அப்போது கோடை டிக்கெட் தலைக்கு 40 யூரோ. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் வேலையின் வரிசையை மாற்றியிருந்தால் போதும், இவ்வளவு அவதி இல்லை.

முதலில் நடைப்பாதையைத் தேர்ந்தெடுங்கள். பூங்காவே ஏ, பி, சி, ஈ, எஃப், எச், கே என்று எழுத்துப் பெயர் வைத்துப் பாதைகளைப் பிரித்திருக்கிறது. முதல் முறை போகிறவருக்கு நான் சொல்வது எச். இரண்டாம் நுழைவாயிலிலிருந்து ரயிலில் (பேர்தான் ரயில், தண்டவாளம் கிடையாது) மேலே போய், நடந்தபடியே இறங்கி, கோஸ்யாக் ஏரியை மின்சாரப் படகில் கடந்து, கீழ் ஏரிகளையும் பெரிய அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். படகும் ரயிலும் டிக்கெட்டிலேயே அடக்கம். பாதை முடிவானால் நுழைவாயில் முடிவாகிவிடும். பிறகு காலை முதல் நேரத்துக்கு டிக்கெட். பஸ் கடைசியில்தான். ஜாக்ரெப்பிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், முந்தைய நாளே வந்து பக்கத்துக் கிராமத்தில் தங்கிவிட்டால் இன்னும் நல்லது. பத்து மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து கொட்டும். பலகைப் பாதை இருவர் ஒதுங்கிப் போகிற அகலம்தான், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. முன்னால் போகிறவர் செல்ஃபிக்கு நின்றால் பின்னால் வரிசையே நிற்கும்.

நீச்சலுடை எடுத்துப் போவது

இணையத்தில் சுற்றுகிற பழைய படங்களை நம்பி எடுத்துப் போகிறார்கள். இங்கே எந்த ஏரியிலும் இறங்கக் கூடாது, காலை நனைப்பது உட்பட. காரணம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, பாசியின் மீது படிந்து படிந்துதான் ஏரிகளுக்கு நடுவிலுள்ள தடுப்புகள் உருவாகின்றன. இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பாசியை மிதித்தால் கரையே கெடும். ஓரத்தில் உற்றுப் பாருங்கள்: தண்ணீரில் விழுந்த மரக்கிளை மீது வெள்ளையாகச் சுண்ணாம்புத் தோல் பிடித்திருக்கும். அப்படியானால் குரோஷியாவின் இன்னொரு தேசியப் பூங்காவான கர்காவில் குளிக்கலாமே என்று கேட்பார்கள். அங்கும் ஸ்க்ராதின்ஸ்கி பூக் அருவியில் 2021 முதல் தடை.

பழைய குறிப்புகளை நம்புவது

குனா நாணயம், குரோஷியாவுக்குத் தனி விசா என்றெல்லாம் எழுதியிருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். 2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோ, ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விசா) இரண்டும். இன்னொன்று: பக்கத்தில்தானே என்று போஸ்னியாவின் ஊனா தேசியப் பூங்காவையும் சேர்க்கிறவர்கள் உண்டு. அது ஷெங்கனுக்கு வெளியே. ஒரு முறை நுழைவு விசா வைத்திருந்தால் போனவர் திரும்ப முடியாது.

செருப்பு

வேண்டாம். நனைந்த பலகை வழுக்கும்.

சாப்பாடு

படகு இறங்கும் புல்வெளியில் கடை உண்டு. சைவம் என்றால் கையில் கொண்டுபோங்கள்.

பனிக்காலம்

கட்டணம் குறைவு, கூட்டமும் இல்லை. ஆனால் மேல் ஏரிப் பாதைகளைப் பனிக்காக மூடிவிடுவது வழக்கம். எது திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.