ஒரு கண்ணில் மட்டும் திடீர் மங்கலா? விழித்திரைச் சிரை அடைப்பை எதிர்கொள்ளும் முறை

வலியோ சிவப்போ இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கினால், கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று தள்ளிப்போடாதீர்கள்; விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரை அடைபட்டிருக்கலாம். இரு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மாத நாட்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள். கோடுகள் நெளிந்தோ நடுவில் கறை படிந்தாற்போலோ தெரிந்தால் அன்றே விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வை ஒரேயடியாக இருண்டுபோனால் அது விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் அடைப்பாக இருக்கக்கூடும். பக்கவாதத்துக்குச் செல்வதுபோல உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டையும் ஒரே உறை போர்த்தியிருக்கிறது. பல ஆண்டு உயர் ரத்த அழுத்தத்தால் தடித்துப்போன தமனி, மெல்லிய சுவருடைய சிரையை அங்கே அழுத்த, ஓட்டம் தடுமாறி ரத்தம் உறைகிறது. வெளியேற வழியின்றித் தேங்கும் ரத்தத்தால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, ரத்தமும் நீரும் கசிந்து, அந்த நீர் விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் சேரும்போது எழுத்துகள் மங்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த விழித்திரை சுரக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் கசிவை மேலும் பெருக்குகிறது.

ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற, கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகள் அந்தப் புரதத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன, அடைப்பைத் திறப்பதில்லை. பார்வை தெளிந்ததும் பலர் மருத்துவமனைக்கு வராமல் நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் மருந்தின் வேகம் குறைந்ததும் வீக்கம் திரும்பிவிடலாம். ஆகவே முதலில் மாதம் ஒருமுறை என்று மருத்துவர் சொன்னால் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தி, மாகுலாவின் தடிமன் முந்தைய முறையைவிட எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்திருக்கிறது என்று கேளுங்கள். கிளைச் சிரை அல்லாமல் விழித்திரையின் மைய சிரையே அடைபட்டிருந்தால், கருவிழிப்படலத்தில் (ஐரிஸ்) புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றனவா என்பதையும் முதல் சில மாதங்களில் பார்க்கச் சொல்லுங்கள். அவை கண் அழுத்தத்தைக் கடுமையாக உயர்த்திப் பார்வையையே பறிக்கக்கூடியவை.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலியும் சிவப்பும் கூடினாலோ பார்வை குறைந்தாலோ, அது தொற்றாக இருக்கலாம்; மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இதற்கிடையே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பொது மருத்துவரிடமும், மறு கண்ணின் அழுத்தத்தைக் கண் மருத்துவரிடமும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ரத்தத்தை இளக்கும் என்று நினைத்து ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அதனால் இந்த அடைப்பு கரையாது.