தங்கவயலுக்குத் திரும்பி வந்து குடியிருக்க நினைப்பவர்களுக்கு

போன மாதம் என் தங்கச்சி மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். "பெரியம்மா, வாடகை கட்டி முடியல. தங்கவயலுக்கே வந்துடலாமான்னு பாக்குறோம், நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். வந்துவிடு என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கோலார் தங்கவயலில் குடியிருப்பதற்கென்று தெரிந்துகொள்ள வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. அன்றைக்கு ஒரு மணி நேரம் அவளிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நிறைய பேர் இருப்பீர்கள்.

நான் இங்கே சாம்பியன் ரீஃபில், மைன்ஸ் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா 31 வருஷம் மைன்ஸில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடினார்கள். அடுத்த மாதமே நான் பெங்களூருக்கு ரயில் ஏறினேன், ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலைக்கு. 16 வருஷம் தினமும் ரயிலில் போய் வந்தேன். இப்போது எட்டு வருஷமாகத் தங்கவயலிலேயே ஆண்டர்சன்பேட்டையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன்.

வீடு பார்ப்பதற்கு முன்னால் ரயிலைப் பாருங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் கஷ்டப்படுகிறார்கள். மாரிகுப்பத்தில் கிளம்புகிற வண்டி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் தாண்டி பங்காருப்பேட்டை போய், மாலூர், ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் வழியாகப் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனுக்குப் போகிறது. சுமார் 90 கிலோமீட்டர். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வண்டியைப் பிடிக்க நான் மூன்றரைக்கு எழுந்திருப்பேன். வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். என் பெரியவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவரை, அவன் முகத்தை வெயில் வெளிச்சத்தில் நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அந்த வருஷங்கள் எனக்குத் திரும்பிவராது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், இங்கே சொந்தக்காரர் யார் வீட்டிலாவது ஒரு மாதம் தங்கி, பாஸ் எடுத்து, வேலைக்குப் போய் வந்து பாருங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் வாரம் எல்லோருக்கும் சுலபமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரம் முதுகு பிடிக்கும், வீட்டில் சண்டை வரும். அப்போதும் முடியும் என்று தோன்றினால் வாருங்கள்.

அதைவிட நல்ல வழி, வேலையை இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வது. சிட்டி ஸ்டேஷன் வரை போகிறவருக்கும் ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறவருக்கும் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வித்தியாசம் வரும். 2023-இலிருந்து ஒயிட்ஃபீல்டு ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோவும் இருக்கிறது. மாலூரில் கம்பெனிகள் இருக்கின்றன. நரசாபுரத்தில் ஹோண்டா இருக்கிறது, ஐபோன் செய்கிற டாடா தொழிற்சாலை இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற மூச்சிலேயே, கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருமா என்றும் கேளுங்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைந்த சம்பளமானாலும் பஸ் வந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ரயிலில் ஒரு விஷயம். முதல் நாளே ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். பல வருஷமாக ஒரே பெட்டியில் ஒரே இடத்தில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு நாள் நின்றுகொண்டு போங்கள், ஐந்தாம் நாள் அவர்களே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். மார்கழி, தை மாதத்தில் திரும்பி வரும்போது பெண்கள் பெட்டி முழுக்க அவரைக்காய் வாசனைதான். மடியில் முறத்துக்குப் பதிலாக செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கிலோ உரிப்போம். பங்காருப்பேட்டை வருவதற்குள் ராத்திரிப் பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் கொட்டை தயாராகிவிடும். தோலைப் பையில் கட்டி வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோவோம். எனக்குக் கடை வைக்க முதல் தையல் மிஷினுக்குச் சீட்டுப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்களும் அந்தப் பெட்டிக்காரர்கள்தான்.

இனி வீடு. லைன் வீடு என்றால் பத்துக்குப் பத்து அறை, மேலே ஷீட்டு, முன்னால் நாமே இழுத்துக் கட்டிக்கொண்ட தாழ்வாரம். வாடகை குறைவு. ஆனால் அந்த நிலம் மைன்ஸ் கம்பெனியுடையது. குடியிருக்கிறவர் எத்தனை தலைமுறையாக இருந்தாலும், முத்திரைத்தாளில் எழுதிக்கொடுக்கிறேன் என்று சொன்னால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். என் சித்தப்பா மகன் அப்படி வாங்கி இரண்டரை லட்சத்தை விட்டுவிட்டு நிற்கிறான். வாங்குவதானால் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் தனியார் மனையாகப் பார்த்து, நகரசபையின் சொத்துப் பதிவான இ-கத்தா யார் பேரில் இருக்கிறது, இ.சி. என்கிற வில்லங்கச் சான்றில் கடன் ஏதாவது காட்டுகிறதா என்று இரண்டையும் கையில் வாங்கிப் படியுங்கள். முதல் இரண்டு வருஷம் வாடகைக்கு இருப்பதே நல்லது.

சுவரையும் பாருங்கள். இந்த ஊருக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடியில் பாறை வெடித்தால் மேலே அடுக்கிலிருந்து குண்டான் உருண்டு விழும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, எந்த ஷாஃப்ட், அதாவது ஆட்கள் இறங்குகிற எந்தச் சுரங்கக் குழி என்று கேட்பாள். அப்பா அந்த ஷிஃப்டில் இறங்கியிருக்கிறாரா என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். மைன்ஸ் மூடி, பம்புகள் நின்று, இப்போது உள்ளே தண்ணீர் நிற்கிறது. சுவரில் மூலைக்கு மூலை சாய்வாக ஓடுகிற விரிசல் இருந்தால் அந்த வீடு வேண்டாம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

சயனைடு மேடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதில்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய மணல் அது, மொத்தம் 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், சினிமா எடுக்கக்கூட வருவார்கள். ஆடிக் காற்றில் அந்த மாவு போன்ற தூசி சோற்றுப்பானை வரை வரும். அதனால் வீடு பார்க்க ஆனி, ஆடியில் வாருங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மேட்டைத் தாண்டிக் காற்று போகிற திசையில் இருக்கும் தெருவைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகளை அங்கே சறுக்கி விளையாட விடாதீர்கள், மழையில் அடியிலிருந்து ஓடிவருகிற தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள். அந்த மணலை எடுத்துப் பூச்சு வேலை செய்யாதீர்கள். பாறைத் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை என் அப்பாவின் கடைசி ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

தண்ணீர் தினம் வராது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பேத்தமங்கலம் ஏரியை நம்பியிருக்கிற ஊர் இது. வீட்டில் சம்ப், அதாவது தண்ணீர் பிடித்து வைக்கிற தரையடித் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கோலார் மாவட்டத்தில் ஃபுளோரைடு அதிகம். குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

அப்புறம், மைன்ஸ் திரும்பத் திறக்கும் என்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மூடிய நாளிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. அப்பா மைன்ஸில் தலையில் மாட்டுகிற தன் கேப் லேம்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்து ஆணியில் மாட்டுவார். கூப்பிட்டால் மறுநாளே போகத் தயாராக இருந்தார். அவரோடு வேலை பார்த்தவர்களில் அப்படிக் காத்திருந்தே வேறு வேலை எதுவும் தேடாமல் போனவர்கள் எங்கள் லைனிலேயே நான்கு பேர். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த 13 மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. மைன்ஸின் உபரி நிலத்தில் தொழிற்பேட்டை வரும் என்கிறார்கள். சென்னை எக்ஸ்பிரஸ்வே பேத்தமங்கலம் பக்கம் வந்துவிட்டது. எல்லாம் நடக்கட்டும், நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான். நீங்கள் இந்த மாத வாடகையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்பதற்கு மட்டும் வேறு பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே சம்பாதிக்க முடியுமா என்றால், முடியும். ரயில் நேரத்துக்குக் கடை திறக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் காலை ஒன்பதுக்குத் திறந்து ஆறுக்கு மூடினேன். மூன்று மாதம் ஈ ஓட்டினேன். இந்த ஊரில் கையில் காசுள்ளவர்கள் பகலில் ஊரில் இல்லை என்பது எனக்கே, அத்தனை வருஷம் ரயிலில் போனவளுக்கே, உறைக்கவில்லை. இப்போது பதினொன்றுக்குத் திறந்து ராத்திரி ஒன்பதரைக்கு மூடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை முழு நாள். செவ்வாய் விடுமுறை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் கடை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ராத்திரி ரயிலில் களைத்து வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். தோசை மாவு, நறுக்கிய காய், ஜிப் மாற்றித் தருவது, போன் ரிப்பேர், பிள்ளைகளுக்கு மாலை டியூஷனோடு ஒரு டம்ளர் பால். வேலைக்குப் போகிறவர்களின் வயதான அப்பா அம்மாவைப் பகலில் போய்ப் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலையை எங்கள் தெருவில் ஒரு பெண் ஆறு வீட்டுக்குச் செய்கிறாள். மாதக் கடைசியில் கடன் கொடுக்கத்தான் வேண்டும். சம்பளம் ஏழாம் தேதிக்கு மேல் வரும், பத்தாம் தேதி நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கியில் எனக்குக் கடன் கேட்டபோது முகவரியில் லைன் வீட்டைப் பார்த்ததும் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெண்கள் சங்கத்தில் சேர்ந்துதான் மூன்றாவது, நான்காவது மிஷின் வாங்கினேன். வந்த முதல் மாதமே ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், சேமிப்புக்கு வயசு ஆகியிருந்தால்தான் கடன் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குக் கன்னடம் நன்றாகப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஆபீஸ் பேப்பர் எல்லாம் அதில்தான். தமிழ் எழுத்தை வீட்டில் ராத்திரி நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

குடிவந்த வாரம் லைனில் நான்கு வீட்டுக்காவது போய்ப் பேசுங்கள். பெரியவர்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி, நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த மைன்ஸ் என்று கேட்பார்கள். என் தங்கச்சி மகளுக்குப் பதில் தெரியவில்லை. அவள் தாத்தா கிஃபோர்ட் ஷாஃப்டில் டிரில் பிடித்தவர் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். சாமான் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்: தாத்தா பெயர், எந்த ஷாஃப்ட், எந்த லைன்.