பைதானில் கோப்பைப் படிப்பது, எழுதுவது: தமிழ்ப் பெயர்ப் பட்டியலோடு

எங்கள் தெரு மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு அம்மாவிடம்தான் இருக்கிறது. நோட்டில் இருந்ததை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் தட்டி வைத்தேன். ஒரு வரிக்கு ஒரு பெயர், ஒரு காற்புள்ளி, தொகை. மாதாமாதம் தொகையைக் கூட்டி அதே கோப்பில் திரும்ப எழுத ஒரு சின்ன நிரல். முதல் தடவை ஓட்டியதும் பிழைச் செய்தி வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, 0 பைட். பதினான்கு பேர் கணக்கையும் நோட்டைப் பார்த்து மறுபடி தட்ட ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

பைதான் 3 நிறுவிவிட்டீர்கள், பிரிண்ட் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேற்கோளுக்குள் வரும் ஆள் பெயரும் கோப்பின் பெயரும், மாறியின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம், பைதான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் "ஏ", "ஆர்", "யூடிஎஃப்-8", "\என்" போன்றவை மேற்கோளுக்குள் இருந்தாலும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும், டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டும் அப்படியே.

தொடக்கத்துக்கு பைதானோடு வரும் ஐடில் போதும். பெரிய எடிட்டர்களை இப்போதே போட்டுக் குழம்ப வேண்டாம். ஐடிலில் எஃப்5 அழுத்தினால் நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ஓடும். கோப்பையும் அங்கேயே வைத்தால் பெயர் மட்டும் கொடுத்தால் போதும்.

முதலில் எழுதுவோம்.

வித் ஓபன்("சேமிப்பு.டிஎக்ஸ்டி", "ஏ", என்கோடிங்="யூடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
    கோப்பு.ரைட்("செல்வி,200" + "\என்")

கடைசியில் உள்ள பின்சாய்கோடு-என் புதிய வரிக்கு. ரைட் தானாக வரியை மாற்றாது. அதை விட்டால் அடுத்த பெயர் அதே வரியில் ஒட்டிக்கொள்ளும். வித் எதற்கு என்றால், உள்ளே இருக்கும் வேலை முடிந்ததும், நடுவில் பிழை வந்தாலும்கூட, கோப்பை அது மூடிவிடும். மூடாத கோப்பில் எழுதியது வட்டுக்குப் போய்ச் சேராமல் நிற்கலாம். அதனால் வித் இல்லாமல் ஓபன் எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி.

"ஏ" என்றால் இருப்பதன் கடைசியில் சேர். "ஆர்" என்றால் படி. "டபிள்யூ" என்றால் புதிதாக எழுது. இதில்தான் நான் மாட்டினேன். "டபிள்யூ" போட்டுத் திறந்த அந்தக் கணமே பழைய கோப்பு காலியாகிவிடும். ரைட் வரிக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை. "எக்ஸ்" என்றும் ஒன்று உண்டு: அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாமல் பிழை சொல்லி நின்றுவிடும். புதுக் கோப்பு உருவாக்க எனக்கு அதுதான் பிடிக்கும்.

சரி, காலியான பிறகு ஏன் எழுதவில்லை? என்கோடிங் என்பது எழுத்துகளை எந்த அட்டவணைப்படி பைட்டாக மாற்றுவது என்று சொல்வது. படிக்கும் வரியில் அதைக் கொடுத்திருந்தேன், எழுதும் வரியில் விட்டுவிட்டேன். விண்டோஸில் அதைக் கொடுக்காவிட்டால் பைதான் கணினியின் பழைய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும். என் கணினியில் அது 1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே கிடையாது. யூனிகோட் என்கோட் எரர் வந்து நின்றது. கோப்பு அதற்கு முன்பே காலி.

லினக்ஸிலும் மேக்கிலும் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பைதான் 3.15 முதல் எங்கும் யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை காத்திருக்காமல் ஒவ்வொரு ஓபனிலும் என்கோடிங்கை எழுதிவிடுங்கள்.

படிக்கும்போது இதே பிழை வேறு முகம் காட்டும். இதை நிதானமாகப் பாருங்கள். யூடிஎஃப்-8 இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். "தமிழ்" என்பது பைதானுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. கோப்பில் 15 பைட். "கமலா" என்று மட்டும் உள்ள கோப்பை என்கோடிங் இல்லாமல் படித்துப் பாருங்கள். பிழை வராது, ஆனால் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உமாகக் குப்பை வரும். "செல்வி" என்று வைத்தால் நிரல் நின்றே போகும். காரணம் அந்த ஒரு புள்ளி! அதன் மூன்றாவது பைட், பதினாறடிமான எண்ணில், 8டி. 1252 அட்டவணையில் அந்த இடம் காலி. உகரக் குறிக்கும் இதே கதிதான். சில பெயர் மட்டும் படிக்கிறது, சில பெயர் படிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான்.

படிக்கும் நிரல்:

வித் ஓபன்("சேமிப்பு.டிஎக்ஸ்டி", "ஆர்", என்கோடிங்="யூடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
    ஃபார் வரி இன் கோப்பு:
        வரி = வரி.ஸ்ட்ரிப்()
        இஃப் வரி:
            பெயர், தொகை = வரி.ஸ்பிளிட்(",")
            பிரிண்ட்(பெயர், இன்ட்(தொகை))

ஸ்ட்ரிப் வரி முடிவைக் கழற்றும். இஃப் வரி என்பது வெற்று வரியைத் தாண்டிப் போக. தொகை எண்போல் தெரிந்தாலும் கோப்பிலிருந்து எழுத்தாகத்தான் வரும். இன்ட் போடாமல் கூட்டினால் 200-உம் 100-உம் சேர்ந்து 200100 ஆகும்.

திருத்தி எழுத வேண்டுமானால் இப்போது நான் பழைய கோப்பைத் தொடுவதில்லை. வேறு பெயரில் முழுக்க எழுதி, வித் முடிந்த பிறகு ஓஎஸ்.ரீப்ளேஸ்(புதியது, பழையது) என்று மாற்றுகிறேன் (நிரலின் முதல் வரியில் இம்போர்ட் ஓஎஸ் இருக்க வேண்டும்). நடுவில் பிழை வந்தால் பழையது பத்திரமாக இருக்கும்.

பிற்சேர்க்கை: படித்துச் செய்து பார்த்த இருவர் சொன்னவை. ஒருவருக்குக் கோப்பு பக்கத்திலேயே இருந்தும் ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர். விண்டோஸ் பின்னொட்டை மறைத்துவிடுவதால் அவர் சேமித்த பெயர் சேமிப்பு.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆகியிருந்தது. எக்ஸ்ப்ளோரரில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டால் தெரிந்துவிடும். இன்னொருவருக்கு முதல் பெயரை மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நோட்பேடில் சேமிக்கும்போது பிஓஎம் உள்ள வகையைத் தேர்ந்திருக்கிறார். பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் வரும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி; அது முதல் பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. படிக்கும் என்கோடிங்கை "யூடிஎஃப்-8-சிக்" (utf-8-sig) என்று மாற்றினால் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். எக்ஸலில் திறக்க சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) எழுதுகிறவர்கள் எழுதும்போதும் இதையே கொடுங்கள், தமிழ் தமிழாகத் தெரியும்.