பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ஆன்டிபாடி சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 கோடையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வளாகத்தை மறுபடி எப்படித் திறப்பது என்று தவித்துக்கொண்டிருந்தன. ஊழியர்களின் ரத்தத்தில் கொரோனா ஆன்டிபாடி, அதாவது தொற்று வந்தால் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பார்த்து, இருப்பவர்களை முதலில் வேலைக்கு அழைக்கலாம் என்ற யோசனை அப்போது பலருக்கும் நியாயமாகத் தெரிந்தது. இந்தச் சோதனையில் செய்யக்கூடிய தவறுகளில் மிகப் பெரியது அதுதான்.

யார் வேலைக்குத் திரும்பலாம், விடுதியில் யாரை யாரோடு சேர்த்துத் தங்கவைக்கலாம் என்பதை ஆன்டிபாடி முடிவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2020 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. வேலைக்குத் திரும்பும் ஊழியரை இந்தச் சோதனைக்குக் கட்டாயப்படுத்துவதை அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் அனுமதிக்காது என்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் ஜூன் 17 அன்று தெளிவுபடுத்தியது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? 1000 ஊழியர்களில் 5 சதவீதம் பேருக்கு, அதாவது 50 பேருக்கு, தொற்று வந்துபோயிருக்கிறது என்று வையுங்கள். சோதனை, தொற்று வந்தவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது. வராதவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது. கேட்க நல்ல சோதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 பேரில் 45 பேருக்குப் பாசிட்டிவ் வரும்போது, தொற்றே வராத 950 பேரில் ஏறக்குறைய 48 பேருக்கும் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்று சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பொய் முடிவு. அந்தச் சீட்டை நம்பி ஆய்வகத்தில் ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றினால் என்ன ஆகும்? தொற்று வராதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் சோதனையாக இருந்தால் இந்த 48 வெறும் 5 ஆகிவிடும். அதனால் கிட் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அப்புறம், பாசிட்டிவ் வந்த மாதிரிகளை வேறு வகைச் சோதனை ஒன்றில் மறுபடி பார்ப்பது இன்னும் நல்லது.

பெரிய பல்கலைக்கழகங்களும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2020 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) 3,330 பேரைச் சோதித்தார்கள். 50 பேருக்குப் பாசிட்டிவ், அதாவது 1.5 சதவீதம். அவர்கள் பயன்படுத்திய கிட், தொற்று இல்லாத 401 மாதிரிகளில் இரண்டில் தவறாகப் பாசிட்டிவ் காட்டியிருந்தது. 401 என்பது சின்ன எண். அதிலுள்ள நிச்சயமின்மையைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 50 பேருமே பொய் பாசிட்டிவாக இருந்திருக்கலாம் என்று புள்ளியியலாளர்கள் வாதிட்டார்கள். ஆட்களை ஃபேஸ்புக் விளம்பரம் வழியாகச் சேர்த்ததும் விமர்சனத்துக்கு உள்ளானது. காய்ச்சல் வந்து, அப்போது டெஸ்ட் கிடைக்காதவர்கள்தானே இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் ஓடி வருவார்கள்?

வளாகத்துக்குள் இதே தவறு வேறு உருவில் வரும். ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றால் யார் வருவார்கள்? பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் வருவார்கள். அவர்களில் பலர் அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள். இரவில் கழிவறை கழுவுகிறவர், உணவுக்கூடத்தில் பாத்திரம் தேய்க்கிறவர், வளாகப் பேருந்து ஓட்டுநர் எல்லாம் விடுபட்டுப்போவார்கள். இவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலே இருக்காது. தொற்று அபாயம் அதிகம் உள்ளவர்களை விட்டுவிட்டு எடுத்த சதவீதத்தை ‘எங்கள் ஊழியர்களின் நிலை’ என்று வெளியிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒப்பந்தப் பட்டியல்களையும் சேர்த்துக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், வேலை நேரக் கணக்கிலேயே ரத்தம் எடுக்க வேண்டும். படிவம் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும்.

இன்றைக்கு இருமுகிறவருக்கு ஆன்டிபாடி சோதனை செய்வது வீண். அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் இந்தச் சோதனைகள் சுமார் 30 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தன, மூன்றாவது வாரத்தில் சுமார் 91 சதவீதம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020 ஜூனில் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. இருமுகிறவருக்குத் தேவை, வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனை.

தடுப்பூசி வந்த பிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்தது. ஃபைசர், மாடர்னா ஊசிகள் வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை மட்டுமே உண்டாக்கும். ஸ்பைக்கைத் தேடும் கிட்டை வைத்துக்கொண்டு ஊசி போட்டவர்களிடம் ‘தொற்று வந்ததா’ என்று பார்த்தால் எல்லாருக்கும் பாசிட்டிவ்தான். அதற்கு வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேட வேண்டும். ஆனால் கோவாக்சின் போன்ற, செயலிழக்க வைத்த முழு வைரஸ் ஊசி போட்டுக்கொண்டு இந்தியாவிலிருந்து வந்த ஆய்வாளருக்கு அதுவும் பாசிட்டிவ் காட்டலாம். எந்த ஊசி, எப்போது என்று படிவத்தில் கேட்காமல் விட்டால் முடிவைப் படிக்கவே முடியாது.

ஆன்டிபாடி நாளாவட்டத்தில் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் இம்பீரியல் கல்லூரி நடத்திய ரியாக்ட்-2 ஆய்வில், 2020 ஜூனில் 6 சதவீதமாக இருந்த பாசிட்டிவ் செப்டம்பரில் 4.4 ஆகக் குறைந்தது. தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை குறைய வழியே இல்லை. குறைந்தது அளவிடக்கூடிய ஆன்டிபாடிதான். ஆகவே ஒரே ஒரு முறை எடுத்த நெகட்டிவை வைத்து ‘உனக்கு வரவே இல்லை’ என்று ஊழியரிடம் சொல்லாதீர்கள்.

முடிவு யார் கைக்குப் போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். அது ஊழியருக்குத்தான் போக வேண்டும், மேலாளருக்கு அல்ல. துறைவாரியாக வெளியிடும்போது ஏழெட்டுப் பேர் மட்டுமே வேலை செய்யும் பிரிவைத் தனியாகக் காட்டினால் யாருக்குப் பாசிட்டிவ் என்பது மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பிரிவுகளைச் சேர்த்தே வெளியிடுங்கள்.