காலிப்பர் போடலாமா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

தளர்ந்த காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்க முழங்காலுக்குக் கீழே மாட்டும் சாதனம்தான் காலிப்பர். அதைப் போடுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள் என்பதுதான். ஒரு மாதம் தினமும் அதில் நாலு விஷயம் எழுதுங்கள். இன்று விழுந்தேனா? விழப்போய் எதையாவது பிடித்துக்கொண்டேனா? போக வேண்டியிருந்தும் கால் பயத்தால் போகாமல் விட்ட இடம் எது? சாயங்காலம் கால் எப்படி இருந்தது? மாதக் கடைசியில் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. 41 வயதில், விடைத்தாள் கட்டோடு வராந்தாவில் விழுந்து இடது பாதத்தின் வெளிப்பக்க எலும்பு முறிந்தது. காலைத் தடுக்கியது மிதியடியின் ஓரம். அரை அங்குல உயரம்கூட இருக்காது. கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மூன்று, நாலு இருக்கும் என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவர், "பதினொன்று" என்றார். ஒவ்வொன்றையும் இடத்தோடு சொன்னார். நான் ஒன்றையும் மறைக்க நினைக்கவில்லை, உண்மையாகவே மறந்திருந்தேன். நோட்டு அதற்குத்தான்.

எனக்கு இருப்பது சார்கோ-மாரீ-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய், சுருக்கமாக சி.எம்.டி. 1886இல் இதை விவரித்து எழுதிய மூன்று மருத்துவர்களின் பெயர்கள் அவை. டூத் என்பது ஆள் பெயர், பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. உடம்பில் நீளமான நரம்புகள்தான் முதலில் நலிகின்றன. அதனால் பாதத்தில் தொடங்கி, அப்புறம் கைக்கு வரும். என்னுடைய 1ஏ வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கு இந்தப் பெயரே தெரியாது. அவருடைய தோல் செருப்பு வெளி ஓரத்தில் மட்டும் தேயும். ரப்பர் செருப்பு போட்டால் நாலடி நடப்பதற்குள் கழன்று பின்னால் கிடக்கும். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் செருப்பைத் திருப்பிப் பாருங்கள், அதுவும் ஒரு சாட்சி.

நோட்டு எழுதும் மாதத்திலேயே வீட்டில் மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். சுவர் பக்கத்தில், யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதலில் முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலால் நடந்து பாருங்கள். வரவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை தளர்ந்திருக்கிறது. டாக்டர்கள் ஃபுட் டிராப் என்பார்கள். பாதம் தொங்குவதால் முட்டியை அதிகமாகத் தூக்கி நடப்போம், பாதம் தரையில் பட்டென்று விழும். அடுத்து, சுவரை லேசாகத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். முடியவில்லை என்றால் கெண்டைக்கால் தசையும் தளர்ந்திருக்கிறது. மூன்றாவதாக, எதையும் பிடிக்காமல் ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். கெண்டை தளர்ந்தவர்களுக்கு நடப்பதைவிட நிற்பது கஷ்டம். ரேஷன் கடை வரிசையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்போம். காலை இறைவணக்கத்தின்போது நான் ஏன் எப்போதும் தூண் பக்கமாகப் போய் நிற்கிறேன் என்று பல வருஷம் எனக்கே தெரியாது.

இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் எந்த மாதிரி காலிப்பர் என்பது இதில்தான் இருக்கிறது. முன்பக்கத் தசை மட்டும் தளர்ந்திருந்தால், பின்னாலிருந்து பாதத்துக்கு அடியில் வரும் மெல்லிய, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் போதும். கெண்டையும் போயிருந்தால் அது பயன்படாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக அணைத்துப் பிடிக்கிற, விறைப்பான ஒன்று வேண்டும். கார்பன் ஃபைபரில் வருபவை பல இந்த மாதிரி. கணுக்கால் வெளிப்பக்கமாகப் புரள்கிறது என்றால் பக்கவாட்டிலும் பிடிப்பு வேண்டும். பாதம் கையால் தள்ளினாலும் நேராகாத அளவுக்கு வளைந்து இறுகிப்போயிருந்தால், காலிப்பருக்கு முன்னால் எலும்பு அறுவை நிபுணரிடம் பேசியாக வேண்டும். "போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை" என்று யாராவது சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். வகை தவறினால் சரிவராதுதான்.

போட்டால் தசை இன்னும் தளர்ந்துவிடாதா? நானும் இந்தப் பயத்தில்தான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். சி.எம்.டி.யில் தசை தளர்வது நரம்பு நலிவதால். இழுத்து இழுத்து நடந்தால் தொங்கும் பாதத்துக்குப் பலம் வந்துவிடாது, விழுவதுதான் நடக்கும். ஆனால் நல்ல கெண்டை உள்ள காலுக்கு விறைப்பான காலிப்பரைப் போட்டால், அந்தக் கெண்டைக்கு வேலை குறைந்துபோகும். அதனால் தேவைக்கு மேல் பிடிப்பு வாங்காதீர்கள். கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தபடி கெண்டையை நீட்டி விடுங்கள். கெண்டையையும் குதிகாலையும் இணைக்கும் தசைநாண் இறுகிவிட்டால் எந்தக் காலிப்பரிலும் பாதம் உட்காராது.

இன்னொரு தயக்கம் வெட்கம். காலிப்பர் என்ற சொல்லே நம் ஊரில் போலியோவோடு ஒட்டிக்கொண்டது. இரும்புக் கம்பி, தோல் பட்டை, கனத்த பூட்ஸ். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் ஒரு குழந்தையைக் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில். ஆனாலும் அந்தப் படம் எல்லோர் கண்ணிலும் இருக்கிறது. என் மாமியார், "இதைப் போட்டுக்கிட்டு வெளியே போனா நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பார்க்கிறப்ப என்ன சொல்றது?" என்றார். அது வெறும் பேச்சு இல்லை. நோய் பரம்பரை என்பது உண்மை, அந்தப் பேச்சு வீட்டில் நடந்தே ஆக வேண்டும். ஆனால் அது நோயைப் பற்றிய பேச்சு. காலிப்பரை ஒளித்து வைப்பதால் நோய் ஒளியாது.

சரி, போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், அளவெடுத்துச் செய்வதற்கு முன் இரவல் வாங்கிப் பாருங்கள். கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டி, எலாஸ்டிக்கை ஷூ லேஸில் மாட்டும் சின்ன சாதனம் கிடைக்கும். பாதம் தொங்குவது மட்டும்தான் பிரச்சினை என்றால் அதுவே சிலருக்குப் போதும். மறுவாழ்வு மருத்துவப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில் ரெடிமேட் காலிப்பர் வைத்திருந்தால், நடந்து பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் பெரிய பிரிவு உண்டு. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் கட்டி எழுப்பிய பிரிவு அது.

நடந்து பார்க்கும்போது வழவழப்பான ஆஸ்பத்திரித் தரையில் மட்டும் நடந்துவிட்டு வந்துவிடாதீர்கள். படி ஏறி இறங்குங்கள். சரிவில் நடங்கள். கையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு திரும்புங்கள். எல்லாவற்றையும்விட, பேசிக்கொண்டே நடந்து பாருங்கள். கால் பயம் உள்ளவர்கள் பதில் சொல்ல வேண்டுமென்றால் நின்றுவிடுவோம். பேச்சு நிற்காமல் நடை போனால் அந்தக் காலிப்பர் வேலை செய்கிறது. இரவல் காலிப்பரோடு மாமியாரைப் பள்ளி வாசல் வரை கூட்டிப்போனேன். வீடு திரும்பியதும் அவர் கேட்டது, "இன்னைக்கு ஏன் என் தோளைப் பிடிக்கலை?" என்பதுதான்.

அளவெடுக்கும் நாளை அவசரமாக முடிக்க விடாதீர்கள். என்னுடைய முதல் காலிப்பர் இரண்டு நிமிஷத்தில் டேப் வைத்து அளந்து, கிடைத்த சைஸைக் கொடுத்தது. உள்பக்கக் கணுக்கால் எலும்பில் உரசி உரசிப் புண் வந்தது. எனக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. சாக்ஸில் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆற ஆறு வாரம் ஆயிற்று. இரண்டாவது முறை போன இடத்தில், டெக்னீஷியன் காலில் மெல்லிய துணி உறையைப் போட்டுவிட்டு, எலும்பு துருத்தும் ஒவ்வோர் இடத்தையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஈரத்தில் மை இறங்கும் பென்சிலால் வட்டம் போட்டார். அதற்கு மேல் மாவுக்கட்டு. அது இறுகும்வரை என் பாதத்தைத் தன் உள்ளங்கையில் நேராகத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே அந்த வட்டங்கள் அப்படியே பதிந்திருந்தன. அந்த இடங்களில்தான் பிளாஸ்டிக் தொடாமல் இடம் விட வேண்டும். உங்கள் டெக்னீஷியன் வட்டம் போடவில்லை என்றால் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

அன்றைக்கே ஷூவையும் கொண்டுபோங்கள். குதிகால் உயரத்துக்கு ஏற்றபடிதான் காலிப்பரின் கோணம் அமைகிறது. அப்புறம் வேறு உயரத்தில் ஷூ மாற்றினால், முன்னால் தள்ளுவது போலவோ பின்னால் சாய்வது போலவோ இருக்கும். உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றிவிடக்கூடிய, ஒரு சைஸ் பெரிய ஷூவாகப் பாருங்கள். புடவை கட்டுபவர்கள் வெல்க்ரோவின் நுனி வெளியே நீட்டாமல் வெட்டித் தரச் சொல்லுங்கள், கரையைப் பிடித்து இழுக்கும்.

செலவு: பிளாஸ்டிக் என்றால் சில ஆயிரங்களில் முடியும். கார்பன் ஃபைபர் பல பத்தாயிரம். 40 சதவீத ஊனச் சான்று இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசத் திட்டம் பற்றி விசாரியுங்கள்.

வந்த முதல் நாளே வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம். கழற்றியதும் கண்ணாடி வைத்து அடிப்பாதம், குதிகால், கணுக்கால், சுண்டுவிரல் பக்கம் எல்லாம் பாருங்கள். சிவப்பு அரை மணிக்குள் மறைந்தால் சரி, மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். மறையவில்லை என்றால் போடாமல் எடுத்துக்கொண்டு செய்த இடத்துக்குப் போங்கள். சூடு காட்டிக் கொஞ்சம் விரித்துத் தருவார்கள். நம் வெயிலுக்குப் பருத்தி சாக்ஸ், மதியத்தில் ஒரு முறை மாற்ற இன்னொரு ஜோடி.

முடிவு என்பது நாள் முழுவதும் அல்லது ஒருபோதும் இல்லை என்று இருக்க வேண்டியதில்லை. நான் பள்ளிக்கும் கடைவீதிக்கும் போடுகிறேன். வீட்டில் கழற்றிவிடுவேன், ஏனென்றால் ஷூ இல்லாமல் காலிப்பர் மட்டும் போட்டு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். அதிக நேரம் சமையலில் நிற்க வேண்டிய நாளில், வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று கழுவி வைத்திருக்கும் கேன்வாஸ் ஷூவோடு போட்டுக்கொள்வேன். ஸ்கூட்டருக்குக் கை பிரேக் என்பதால் எனக்குச் சிக்கல் இல்லை. வலது காலில் பிரேக் மிதிக்கும் பைக்கோ காரோ ஓட்டுபவர்கள், காலியிடத்தில் ஓட்டிப் பார்க்காமல் சாலையில் இறங்க வேண்டாம்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு மட்டும் ஷூ, காலிப்பர் இரண்டும் இல்லாமல்தான் போகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால், கல் சூடேறும் முன், சாக்ஸ் போட்டு, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மதியக் கல்லின் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.