கீபோர்டு வாங்கும் முன் அதன் காலை மடக்குங்கள்

மணிக்கட்டு வலிக்கிறது என்றதும் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது கீபோர்டு வாங்கிவிடாதீர்கள். முதலில், இருக்கிற கீபோர்டின் அடியில் பின்பக்கம் உள்ள இரண்டு குட்டிக் கால்களை மடக்குங்கள். அவை நிமிர்ந்து நின்றால் நாள் முழுக்க மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே இருக்கும், அந்த வளைவு மணிக்கட்டுக்குள் இருக்கும் கார்ப்பல் டனல் என்ற குறுகிய பாதை வழியாகப் போகும் நரம்பில் அழுத்தத்தைக் கூட்டும். முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி, தோள் தளர்வாக.

சரி, அப்படியும் வலித்தால் இரண்டாகப் பிரிந்த கீபோர்டுக்குப் போகலாம். இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வையுங்கள், அப்போதுதான் கை சுண்டுவிரல் பக்கம் ஒடியாமல் முழங்கையிலிருந்து நேராக வரும். கட்டைவிரல் பக்கத்தை உயர்த்திக் கூடாரம் மாதிரி சாய்க்கவும் செய்யலாம், ஆனால் முதல் நாளே செங்குத்தாக்க வேண்டாம், 10 டிகிரி போதும். மணிக்கட்டுத் திண்டு இளைப்பாற மட்டும், தட்டும்போது அதில் அழுந்தக் கூடாது.

பழகச் சில வாரம் ஆகும், வேகம் படுத்துவிடும், எரிச்சலாகத்தான் இருக்கும். டெட்லைன் இருக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், தமிழில் நிறைய தட்டுபவர்கள் தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பழகிப் பாருங்கள்: உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில், ஷிஃப்ட் தொல்லை ரொம்பக் குறைவு.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போனால் கீபோர்டு கடைக்கு அல்ல, டாக்டரிடம் போங்கள்.