முழங்கால் வலியோடு ரன்னிங் கிளப்பில் ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மாராத்தான் ஜனவரியில் வருகிறது. அதற்கான குழுப் பயிற்சியில் ஞாயிறு லாங் ரன் 12, 14, 16 கிலோமீட்டர் என்று மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நவம்பர் வாக்கில், ஓடி முடித்துக் காபிக்கு நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேச்சு முட்டி வலியாகத்தான் இருக்கும். அந்த வலிகளில் பெரும்பாலானவை விழுந்தோ, கால் திருகியோ வந்தவை அல்ல. மூட்டும் தசைநாரும் பழகிய அளவைத் தாண்டிச் சுமை சீக்கிரம் கூடியதால் வந்தவை. குழுவில் ஓடும்போது அந்தச் சுமையை உங்கள் கால் தீர்மானிப்பதில்லை, எல்லோருக்கும் பொதுவான அட்டவணை தீர்மானிக்கிறது. கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்து கிளம்புபவை.

எங்கே வலிக்கிறது என்று பார்க்காமல் விடுவது

முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்புறமோ மந்தமாக வலித்து, படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடினால் அது பெரும்பாலும் முன்முழங்கால் வலி. முட்டியின் வெளிப்பக்கத்தில், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கிலோமீட்டரில் தொடங்கிக் கூர்மையாகக் குத்தினால் ஐடி பேண்ட் (இடுப்பிலிருந்து முட்டியின் வெளிப்பக்கம்வரை ஓடும் பட்டை) என்று சந்தேகிக்கலாம். சில்லுக்கு நேர் கீழே ஒரே விரலால் தொட்டுக்காட்ட முடிகிற இடத்தில், குதித்தால் வலித்தால் அது தசைநார். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கிளப்பில் ஒருவருக்குப் பலன் தந்த பயிற்சி இன்னொருவருக்கு வலியைக் கூட்டுவது இதனால்தான்.

ஓடிய சில மணி நேரத்தில் முட்டி வீங்குவது, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது முட்டி திடீரென்று தளர்ந்து மடங்கிவிடுவது, எடை போடவே முடியாமல் போவது, தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு சிவந்து சூடாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தசையை உருட்டித் தளர்த்தும் ஃபோம் ரோலரைத் தள்ளி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இதில் எதுவுமே இல்லாதபோது, வலி வந்த முதல் வாரமே எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது எதிர்த்திசைத் தவறு. அறிக்கையில் “ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்திருக்கிறது” என்று இருந்தால் உடனே ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், ஜவ்வுக் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இருந்ததில்லை. படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்ல, கையால் சோதித்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

மழையில் விட்டதை ஒரே ஞாயிற்றில் பிடிப்பது

சென்னைக்கே உரிய தவறு இது. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு ஞாயிறு போய்விடும். மூன்றாவது ஞாயிறு அட்டவணையில் 22 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும், குழுவும் கிளம்பிவிடும். கடைசியாக நீங்கள் ஓடியதோ 15. அட்டவணைக்கு இது முந்தைய ஞாயிற்றைவிட நான்கு கிலோமீட்டர் ஏற்றம், உங்கள் முட்டிக்கு ஏழு. இரண்டு வாரம் ஓடாமல் இருந்திருந்தால் விட்ட தூரத்திலிருந்து அல்ல, அதில் முக்கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். 15 ஓடியவர் 11-க்குத் திரும்பி, அடுத்த வாரம் 13, பிறகு 15 என்று ஏறலாம். குழுவோடு கிளம்பி ஐந்தரையாவது கிலோமீட்டரில் திரும்பி வருவதில் ஒரு குறைச்சலும் இல்லை. தண்ணீர் வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டுவதும் இந்த வகைதான். லாங் ரன் நீண்ட வாரத்தில் டிராக் இன்டர்வெலை (இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பயிற்சியை) பாதியாக்குங்கள். அந்த வாரம் மேம்பால ஏற்றப் பயிற்சியும் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முன்முழங்காலை அதிகம் அழுத்தும், ஏனென்றால் மடங்கிய முட்டியோடு தொடைத்தசை பிரேக் போட வேண்டியிருக்கிறது. ஏற்றம் ஓடியே தீர வேண்டுமென்றால் ஏறும்போது ஓடி, இறங்கும்போது நடங்கள்.

“மெதுவாக ஓடினால் சரியாகிவிடும்”

பாதி உண்மை. வேகம் குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் உச்ச அழுத்தம் குறையும். ஆனால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதிக அடிகள் வைக்க வேண்டும், ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் கூடுதல் நேரம் நிற்கும். அதனால் 16 கிலோமீட்டரை 6:15 பேசுக்கு (கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 விநாடி) பதில் 7:30 பேசில் ஓடினால் முட்டியின் மொத்தச் சுமை நினைத்த அளவு குறையாது, சிலருக்குக் கூடவே செய்யும். முதலில் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். மெதுவான குழுவுக்கு மாறி அதே தூரத்தை ஓடுபவர்களுக்கு வலி நீடிப்பதற்கு இது ஒரு காரணம்.

கேடன்ஸ் வேறு கணக்கு. பேசை மாற்றாமல் நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் அடி குறுகி, பாதம் உடலுக்கு அருகில் விழும், முட்டியின் சுமை குறையும். வாட்ச் 160 காட்டினால் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) 168-ல் வையுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் அந்தத் தாளத்தில் ஓடினால் போதும். இங்கே நடக்கும் தவறு, அடி கூடும்போது வேகமும் கூடிவிடுவது. பேசைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். முதல் வாரத்தில் கெண்டைக்கால் இறுகினால் வியப்பில்லை.

வலியை அளக்காமல் ஓடுவது, அல்லது அறவே நிறுத்துவது

பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். ஓடும்போது 2-க்குள் இருந்து, முடித்த ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பி, மறுநாள் காலை படி இறங்கும்போது கூடாமலும் இருந்தால் அந்த அளவு உங்களுக்குத் தாங்குகிறது. 3, 4 என்று ஏறினால் ஒரு நிமிடம் நடந்து பாருங்கள். இறங்கவில்லையென்றால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. நொண்ட ஆரம்பித்துவிட்டால் மதிப்பெண் எதுவானாலும் நிறுத்த வேண்டும். ஓடும்போது உடம்பு சூடேறி வலி மறைவதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையான தேர்வு முடிவு மறுநாள் காலைதான் வரும்.

ஆறு வாரம் முழு ஓய்வு எடுப்பது பாதுகாப்பாகத் தெரியும். அந்த ஆறு வாரத்தில் வலி போகும், கூடவே முட்டியின் தாங்கும் திறனும் போகும். திரும்பி வந்து குழுவின் தூரத்தில் சேர்ந்ததும் வலியும் திரும்பி வரும். ஓட்டம் தாங்காத நாட்களில் சைக்கிளோ நீச்சலோ செய்யலாம். சைக்கிளில் சீட்டைத் தாழ்வாக வைத்தால் முட்டி அதிகம் மடங்கி வலிக்கும், உயர்த்திக்கொள்ளுங்கள். வேகநடை முப்பது நிமிடம் வலியில்லாமல் முடிந்ததும் ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று பத்து சுற்று. அது இரண்டு முறை சரியாகப் போனால் இரண்டுக்கு ஒன்று.

“ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். 2017-ல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதமும் ஓடாதவர்களில் 10.2 சதவீதமும் இருந்தது. போட்டி அளவில் ஓடுபவர்களில் அது 13.3. ஓட்டம்தான் காத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயந்து நிறுத்த இதில் காரணம் இல்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஸ்டார்ட் லைனில் நிற்பது

இந்தப் பட்டியலில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது இது ஒன்றுதான். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவை வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களைத் தடுக்கின்றன. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைத் திறந்து வைப்பவையும் இந்த வேதிப்பொருட்கள்தான். சென்னையின் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் வியர்த்து ஓடுகிறவரின் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவாகத்தான் போகிறது. மாத்திரை மிச்சமிருக்கும் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறது. உடல் நீரை வெளியேற்றுவதும் மந்தமாவதால், தண்ணீரை அளவின்றிக் குடிப்பவருக்குச் சோடியம் குறையும் அபாயமும் சேர்கிறது. பாராசிட்டமால் அந்த ரகம் இல்லை. ஆனாலும் நிறுத்தச் சொல்லும் வலியை அதுவும் மறைத்துவிடும். பக்கத்தில் ஓடுபவர் நீட்டும் மாத்திரையை வாங்காதீர்கள், உங்கள் ரத்த அழுத்தமும் அல்சரும் அவருக்குத் தெரியாது.

பலப்படுத்தும் பயிற்சியை ஓட்டத்துக்கு முந்தின நாள் வைப்பது

தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத்தசையும் வலுத்தால் முன்முழங்கால் வலியும் ஐடி பேண்டும் குறைய வாய்ப்பு அதிகம். வாரம் இரண்டு நாள் போதும். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று மற்ற குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடியில் இறங்குவது, காலுக்கு எட்டு வீதம் மூன்று செட். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் படி உயரம் அதிகம் என்று அர்த்தம். பக்கவாட்டில் படுத்து மேல் காலைத் தூக்குவது பதினைந்து, மூன்று செட். அரை ஸ்குவாட் பத்து, மூன்று செட். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சனிக்கிழமை செய்துவிட்டு ஞாயிறு லாங் ரன்னில், களைத்த தசையோடு வலியை வரவழைத்துக்கொள்கிறார்கள். இன்டர்வெல் நாள் மாலையில் வைத்தால் மறுநாள் ஓய்வும் கிடைக்கும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கினால் வலிதான் மிஞ்சும்.

ஷூ, நீ கேப் (முட்டி உறை), சாலை

500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஷூவை மாற்றலாம். ஆனால் வலிக்கு மருந்தாக, குதிகால் உயரமே இல்லாத ரகத்துக்குத் திடீரென்று தாவாதீர்கள், முட்டிச் சுமை குதிகால் தசைநாருக்கு இடம் மாறும். நீ கேப் சிலருக்கு வலியைக் குறைக்கும், பழுதைச் சரிசெய்யாது. வியர்வையில் முட்டியின் பின்புறம் உராய்ந்து புண்ணாவதால் பந்தயத்தன்று முதல்முறையாகப் போட வேண்டாம். சாலைகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சாய்ந்தே போடப்படுகின்றன. போகும்போதும் வரும்போதும் எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்திலேயே ஓடினால் எப்போதும் வலது கால்தான் பள்ளத்தில் இருக்கும். வெளிப்பக்க வலி உள்ளவர்கள் வண்டி வராத, மட்டமான தெருவுக்கு மாறிப் பாருங்கள்.

பிப் (பந்தய எண் அட்டை) வாங்கியாகிவிட்டது என்பதற்காக ஓடுவது

பந்தயத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு ஒரு முடிவு நாள் வையுங்கள். ஹாஃப் மாராத்தான் ஓடப் போகிறவர் அதற்குள் 16 கிலோமீட்டரை வலி 2-க்குள் முடித்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் 10 கிலோமீட்டருக்கு மாற்ற அனுமதி உண்டா, கடைசித் தேதி எது என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். பிப் வாங்கும் நாளில் கேட்டால் பெரும்பாலும் நடக்காது.

ஓடுவதென்று முடிவெடுத்தால், குறித்த வேகத்தில் குழுவை நடத்திச் செல்லும் பேசர் பின்னால் ஒட்டாதீர்கள், அவர் உங்கள் முட்டிக்காக நிற்க மாட்டார். நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்பதை முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்குங்கள். வலி வந்தபிறகு நடக்க ஆரம்பித்தால் அந்த நாளுக்கு அது இறங்குவது அரிது. நடக்கும் முன் கையை உயர்த்திக் காட்டி ஓரமாக ஒதுங்குங்கள். உடன் வருபவரிடம் ஃபோனும் திரும்பி வர ஆட்டோவுக்குப் பணமும் இருக்கட்டும். அவை இல்லாததால் மட்டுமே நொண்டிக்கொண்டு ஃபினிஷ் வரை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.